தரையில் உட்கார்ந்து வரைந்த சுவர்

சுவர் ஓவியர் என்றால் நின்றுகொண்டு வேலை செய்பவர். எட்டாவிட்டால் ஸ்டூல் போடுவார், இன்னும் எட்டாவிட்டால் சாரம் கட்டுவார். வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில் நான் பார்த்த ஓவியரோ சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தூரிகை மூன்றடி உயரத்தைத் தாண்டவேயில்லை. ஆமை, நண்டு, வாத்து, அதற்குப் பின்னால் நாலு குஞ்சுகள் என்று எல்லாம் சுவரின் அடிப்பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தன.

“இடுப்பு கழண்டுபோவுது சார். மேல வரையறேன்னா டீச்சர் விடமாட்டேங்கறாங்க” என்றார்.

டீச்சர் என்று ஊரே அழைக்கும் அங்கன்வாடிப் பணியாளர், வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை பார்த்து, உயரம் அளந்து எழுதும் ஏடு அது. சத்துக்குறைவைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அந்த ஏட்டை, படம் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்யவும் அவர் எடுத்துக்கொண்டார். நல்ல வளர்த்தியுள்ள மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் இருக்கும். ஐந்து முடியும்போது 110-ஐத் தொடும். கண் அதைவிடப் பத்து சென்டிமீட்டராவது கீழே. “பெரியவங்க கண்ணுக்கு நேரா வரைஞ்சா அது பெரியவங்களுக்கு வரைஞ்சதுதானே, சார்?” என்று கேட்டார்.

நான் போய்ப் பார்த்த மழலையர் வகுப்பறைகள் பலவற்றில் படங்கள் ஐந்தடிக்கு மேலேதான் இருக்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும், சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கும் அவை நன்றாகத் தெரியும். பிள்ளை அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு. தொட்டுப் பார்க்கவே முடியாது. இந்த அறையின் அழகு முழுக்கத் தரையிலிருந்து நாலடிக்குள் அடங்கியிருக்கிறது. கையில் காசு குறைவு என்பதும் அதற்கு உதவியிருக்கிறது. மேல்சுவருக்கு வெறும் வெள்ளை. நல்ல பெயின்ட் முழுவதும் கீழே.

ஓவியர் ஒரு காலத்தில் கட்சி விளம்பரமும் சினிமா விளம்பரமும் எழுதியவர். ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. இப்போது பள்ளிச் சுவர்களும் அங்கன்வாடிச் சுவர்களும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே தூரிகையை எடுக்கிறார். நாலடி வரைக்கும் எனாமல். எண்ணெய்க் கை பட்டாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்தே டப்பா. மற்ற நிறங்களையெல்லாம் கொட்டாங்குச்சியில் கலந்துகொள்கிறார். நேர்கோடு வேண்டுமென்றால் நூலில் நீலப்பொடி தடவி, ஒரு முனையை ஆயாவிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சுண்டுகிறார். எண்களுக்கான அச்சுகள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டியவை. நனைந்தாலும் சுருங்காது, துடைத்துத் துடைத்து எத்தனை சுவருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அறையைச் சுற்றி ஓரடி அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. அது பிள்ளைகள் கிறுக்குவதற்கு. அதற்கு மட்டும் எனாமல் ஆகாது, சாக்பீஸ் வழுக்கும். கரும்பலகைப் பெயின்ட்தான் அடிக்கவேண்டும் என்று தனியாக வாங்கிவரச் செய்திருக்கிறார். கட்டடத்தின் சுவர், தரை, கதவு எல்லாவற்றையுமே கற்றல் பொருளாக்கும் ‘பாலா’ என்ற வழியை டெல்லியின் வின்யாஸ் அமைப்பைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாயி உருவாக்கினார். யுனிசெஃப் துணை நின்றது. கதவு திறக்கும் தரையில் கோணங்களைக் குறித்துவைப்பது அதில் பேர்பெற்ற யோசனை. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் எழுதுசுவரும் அந்த வழியில் உண்டு. கிராமத்து ஓவியருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. டீச்சர் பயிற்சியில் பார்த்ததைச் சொன்னார், இவர் பட்டையை இழுத்துவிட்டார்.

இனி கற்றல் பொருள்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பிடித்தது முட்டை அட்டை. பிள்ளைகளுக்கான முட்டை வந்து இறங்கும் அந்தக் கூழ் அட்டையில் ஐந்துக்கு ஆறு என்று 30 குழிகள். அதை மூன்றாக வெட்டினால் இரண்டு வரிசையில் ஐந்தைந்து குழிகளாகப் பத்துப் பத்து கிடைக்கும். குழிக்கு ஒரு பாட்டில் மூடி வைத்தால், ‘ஏழு’ என்பது ஒரு வரிசை முழுசும் அடுத்ததில் இரண்டும் என்று பிள்ளையின் கண்ணில் பதிகிறது. மிச்சம் மூன்று குழி காலி என்பதும் கூடவே தெரிகிறது. முட்டை உடைந்து கறை பட்ட அட்டையை டீச்சர் எடுப்பதில்லை. சுத்தமானதையும் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே விடுகிறார்.

எண் அட்டைகள் தினசரி காலண்டரிலிருந்து வந்தவை. பெரிய எழுத்துத் தேதிகளை வெட்டி, கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறார். மாதக் காலண்டரின் வெள்ளைப் பின்பக்கம் வரைதாள் ஆகிறது. சார்ட் பேப்பரைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். இது ஊர் முழுக்கச் சும்மா கிடைக்கிறது. தையல்கடை வெட்டுத்துணிகளில் பட்டு, சணல், டெரிகாட்டன், துண்டுத்துணி என்று சோடி சோடியாக ஒட்டிவைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை உண்டு, ஆனால் நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். சின்னவர்கள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள். யாரோ கொண்டுவந்த குன்றிமணியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். பார்க்க அத்தனை அழகு, உடைத்துக் கடித்தால் விஷம். தெர்மாகோலுக்கும் இங்கே இடமில்லை. உதிரும் மணியைப் பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள்.

பசை மைதாவில் காய்ச்சுவது. சுவரொட்டிக்காரர்கள் பூச்சி வராமல் அதில் மயில்துத்தம் போடுவார்கள். இங்கே கை எந்நேரமும் வாய்க்குப் போகும், ஆகவே போடமுடியாது. போடாவிட்டால் கரப்பான் அரித்துவிடும். அதனால் படங்களைச் சுவரில் ஒட்டுவதையே டீச்சர் விட்டுவிட்டார். இரண்டு ஆணிக்கு நடுவே கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுகிறார். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கிளிப்பை எடுத்தால் படம் இறங்கிவிடும். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின் தலைப்பு மாறும்போது கயிறும் காலியாகிப் புதிதாக நிறைகிறது. போன மாதத்துக் காய்கறியும் இந்த மாதத்து வாகனமும் ஒன்றாகத் தொங்குவதில்லை.

குறைவாக மாட்டுவது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மழலையர் 24 பேருக்குச் சில பாடங்களை நிறைய அலங்கரித்த அறையிலும் சில பாடங்களை வெறிச்சென்ற அறையிலும் நடத்திப் பார்த்தது. அலங்கார அறையில் பிள்ளைகள் கவனம் சிதறியிருந்த நேரம் 38.6 சதவீதம், மற்றதில் 28.4. தேர்வில் சரியான விடைகள் அலங்கார அறையில் 42 சதவீதம், வெற்று அறையில் 55. நான் இதைச் சொன்னதும் டீச்சர், கதை சொல்லும்போது தான் முதுகு காட்டி உட்காரும் சுவரைக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை. “அங்க வாத்து இருந்தா வாத்தைப் பாக்கும், என்னைப் பாக்காது.”

இந்த அறையில் மூன்றாவது கைவினைஞர் ஒருவர் இருக்கிறார். ஆயா. சமைப்பதும் பெருக்குவதும் பிள்ளைகளைக் கழுவிவிடுவதும் அவர் வேலை. வந்தவாசி வட்டாரம் கோரைப்பாய்க்குப் பேர்போனது, இவர் வீட்டிலும் தறி உண்டு. பாய்க்கு உதவாமல் மிஞ்சும் கோரையில் பிள்ளைக்கு ஒன்றாகச் சின்னப் பாய் முடைந்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் சாயக்கோடு வேறு. ஒன்றில் இரண்டு சிவப்பு, ஒன்றில் சிவப்பும் பச்சையும், ஒன்றில் நடுவே ஊதா. பெயர் எழுதிப் பயனில்லாத வயதில் பிள்ளை தன் பாயைக் கோட்டைப் பார்த்து எடுக்கிறது, விரிக்கிறது, தூங்கி எழுந்ததும் சுருட்டித் தன் இடத்தில் வைக்கிறது. பை மாட்டும் ஆணிக்கு மேலேயும் அதே நிறக்கோட்டை ஓவியர் போட்டிருக்கிறார். பெயின்ட் வாளிகளில் இருக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு மூடியிலேயே படம். வாளிகள் எல்லாம் தரையோடு தரையாக, பிள்ளை தானே எடுத்துத் தானே வைக்கும்படி.

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். தாழ்ந்த அலமாரி, பிள்ளைக்கு ஏற்ற அளவில் சாமான், எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் என்று அவர் கற்பித்தவை இன்று பணக்காரப் பள்ளிகளின் விளம்பரமாகிவிட்டன. அந்தப் பள்ளிகளின் தேக்குமர அலமாரிகளையும் பார்த்திருக்கிறேன். பெயின்ட் வாளியும் கோரைப்பாயும் செய்யும் வேலை அவை செய்யும் வேலைக்கு ஒன்றும் குறைந்ததல்ல.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. கயிறு, கிளிப், கரும்பலகைப் பெயின்ட், ஓவியரின் கூலியில் ஒரு பங்கு எல்லாம் டீச்சரின் கைக்காசு. வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். “கணக்குப் பாத்தா செய்யத் தோணாது சார்” என்று பேச்சை மாற்றினார். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. எடைக்கும் உணவுக்கும் தடுப்பூசிக்கும் பதிவேடு வைத்திருக்கும் திட்டத்தில், இந்த மூவரின் கைவேலைக்கு ஒரு வரி இல்லை. செலவைத் திருப்பித் தரவேண்டும். ஆயாவின் பாய்க்கும் விலை போட்டுக் கொடுக்கவேண்டும். இதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. செய்த வேலைக்கு உரிய காசு அது.

நான் கிளம்பும்போது பக்கத்து ஊர் அங்கன்வாடியிலிருந்து ஓவியருக்கு போன் வந்தது. எவ்வளவு பெயின்ட் வாங்கிவைக்கட்டும் என்று அந்த ஊர் டீச்சர் கேட்டிருக்கிறார். “அது அப்புறம் சொல்றேன்மா. மொதல்ல உங்க பிள்ளைங்க உயரத்தை எழுதி அனுப்புங்க. அப்படியே உட்கார ஒரு மணை இருக்குமான்னு பாருங்க” என்றார் ஓவியர்.