ஐந்து நாளில் மூன்று திமிங்கிலம்

ஓமானிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை திமிங்கிலம் பார்த்தீங்க?" மூன்று என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. ஐந்து நாள் கடலில் கிடந்து மூன்றுதானா? மிரிஸ்ஸவில் விடியக் காலையில் ஏறி மத்தியானம் இறங்கினாலே அதைவிடக் கூடப் பார்க்கலாமே என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் சொன்னார். சில நாட்களில் அதுவும் நடக்கும்தான். ஆனால் அந்த மூன்றைப் பற்றிச் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் எழுத நேரமில்லாததால் இங்கேயே எழுதுகிறோம். நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காசுக் கதை. இன்பாக்ஸில் அதையும் கேட்கிறார்கள். இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் இப்படியொரு பயணம் நடக்காது. எங்களில் ஒருவருடைய மூத்த காக்கா 14 வருடமாக சலாலாவில் போட் எஞ்சின் மெக்கானிக். அவர் எஞ்சின் பார்க்கிற போட் ஒன்றில் கடைசி நேரத்தில் இரண்டு இடம் காலியானது. முதலாளி சாப்பாட்டுக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு எங்களை ஏற்றினார். விமான டிக்கெட்டுக்கு இரண்டு வருடம் சீட்டுக் கட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், மூன்றாம் தவணை லீவுக்குள் எல்லாம் பொருந்தி வந்தது.

சலாலாவிலிருந்து கிழக்கே மிர்பாத் என்ற பழைய துறைமுக ஊர். அங்கேதான் ஏறினோம். அந்தக் காலத்து மரக்கலம் மாதிரிக் கட்டி, உள்ளே எஞ்சினும் ஏசியும் வைத்த போட். தண்டையல் மிர்பாத் ஊர்க்காரர், எல்லாரும் அவரை நகூதா என்றே கூப்பிட்டார்கள். சமையலுக்குக் கேரளத்துக்காரர். கயிறு, நங்கூரம் எல்லாம் சிட்டகொங் பெடியன். ஒரு ஜெர்மன் சோடி, மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், நாங்கள் இருவர், எஞ்சினுக்கும் மொழிபெயர்ப்புக்கும் காக்கா.

போட் கிழக்கே போகப் போக இடது பக்கம் முழுக்க மலை. ஜபல் சம்ஹான் என்று பெயர், உயரம் 1,800 மீற்றர் வரும். அதில் ஒரு பச்சை கூடக் கண்ணில் படவில்லை. சாம்பல், மஞ்சள், பிறகு செம்மண் நிறம். தென்னையும் வாகையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் நாள் அது ஒரு மாதிரி பயமாகக்கூட இருந்தது. கரையில் ஒரு குடிசை, ஒரு ஒட்டகம், பிறகு ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீருக்குள் பார்த்தால் தலைகீழ்! முதல் நாள் அஸருக்கே ஓங்கில் கூட்டம் போட்டைச் சூழ்ந்துகொண்டது. நூறுக்கும் மேல் இருக்கும். ஆமைகள் வந்து தலையைக் காட்டிப் போயின. நீர்க்காகங்கள் கறுப்புக் கோடு போட்டது போல அலையை ஒட்டிப் பறந்தன.

மேலே பாலைவனம், கீழே இவ்வளவு உயிர். இது எப்படி? இந்த விளக்கம் எங்கள் தரம் 9 பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப் போனது, ஏனென்றால் காரணம் அவர்களுக்கும் தெரிந்த காற்று. ஊரில் மே, ஜூனில் மேற்கிலிருந்து அடித்து முற்றமெல்லாம் புழுதியாக்கும் கச்சான் காற்று இருக்கிறதே, அந்தத் தென்மேல் பருவக்காற்றேதான் ஓமான் கரையிலும் அடிக்கிறது. அங்கே அது கரையை ஒட்டி வீசி, மேல் தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும், அதைத் தின்ன சாளை வரும், சாளையைத் தின்ன மற்ற எல்லாம் வரும். சலாலா மலைகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தூறலும் பனிமூட்டமும் கொடுப்பதும் அதே காற்றுத்தான். அங்கே அதற்கு கரீஃப் என்று பெயர். எங்களுக்குப் புழுதி, அவர்களுக்குப் பச்சை.

இந்தத் தீனி இருப்பதால்தான் அங்குள்ள கூனல்முதுகுத் திமிங்கிலம் உலகத்தில் மற்ற எந்தக் கூனல்முதுகுத் திமிங்கிலத்தையும் போல இல்லை. மற்றவை கோடையில் துருவப் பக்கம் போய்த் தின்னும், குளிருக்கு வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம். அரபிக் கடலில் உள்ளவை துருவத்துக்குப் போவதில்லை. தின்பதும் குட்டி போடுவதும் இங்கேயேதான். மரபணுவை ஆராய்ந்தவர்கள், சுமார் 70,000 வருடமாக இவை மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தனித்து இருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓமான் கரையில் எத்தனை இருக்கின்றன என்று வால் படங்களை வைத்து எண்ணியபோது வந்த மதிப்பீடு நூறுக்கும் குறைவு. 82 என்று 2011ல் வெளியான ஒரு கட்டுரை சொல்கிறது.

அதாவது, எங்கள் பாடசாலையில் தரம் 6ல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தால் அதைவிடக் குறைவான எண்ணிக்கை. அதில் மூன்றைப் பார்த்தோம். இப்போது சொல்லுங்கள், மூன்று குறைவா?

ஏன் இவ்வளவு குறைந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது என்றாலும் ஒரு காரணம் பதிவில் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தக் கடலுக்குள் வந்து 242 கூனல்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. அது அப்போதே சட்டவிரோதம். கணக்கை மறைத்து வைத்திருந்தார்கள். 1990களில்தான் உண்மை வெளியே வந்தது. 242ஐயும் 82ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் லுஹருக்குப் பிறகு முதலாவது. தூரத்தில் வெள்ளைப் புகை போல ஒரு மூச்சு. நகூதா எஞ்சினை உடனே குறைத்தார், கிட்டப் போகவில்லை. அது இரண்டு மூன்று தரம் மூச்சு விட்டுவிட்டு, முதுகை வளைத்து, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே போனது. அவ்வளவுதான். கெமராவை எடுத்தபோது தண்ணீர் மட்டும்தான் இருந்தது. காக்கா சிரித்தார். "மச்சான், படத்துக்குப் போஸ் குடுக்க அதென்ன கலியாண மாப்பிள்ளையா?"

அன்றிரவு ஹல்லானியாத் தீவுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம். ஐந்து தீவுகள். ஒன்றில்தான் ஆட்கள் இருக்கிறார்கள், மீன்பிடிதான் தொழில். 1854ல் மஸ்கட் சுல்தான் இந்தத் தீவுகளை விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரன் வந்து பறவை எச்சத்தை உரத்துக்காக அள்ளிக்கொண்டு போனான். 1967ல்தான் ஓமானுக்குத் திரும்பக் கிடைத்தது. 1503ல் வாஸ்கோட காமாவின் கப்பல்களில் ஒன்று, அரபுக் கப்பல்களைக் கொள்ளையடித்துவிட்டு வந்து நின்ற இடத்தில் புயலில் அகப்பட்டு மூழ்கியதும் இங்கேதான். எங்களில் வரலாறு படிப்பிப்பவர் அதைக் கேட்டதும் நித்திரையை விட்டுவிட்டார். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை செனரத் மன்னன் கிழக்கில் குடியமர்த்தினான் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறவருக்கு, அந்தக் கூட்டத்தின் கப்பல் ஒன்று காலுக்குக் கீழே கிடந்தது என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் கண்ணால் ஒன்றும் இல்லை. காற்று கூடி, எங்களில் ஒருவர் சத்தி எடுத்துக் கிடந்தார். (யார் என்று சொல்ல மாட்டோம்.) தொழுகைக்கு நின்றால் போட் சுழன்று கிப்லா மாறிவிடும். நகூதா நங்கூரக் கயிற்றைப் பார்த்துக் கையால் திசை காட்டுவார், நாங்கள் திரும்பி நிற்போம். பின்னேரம் காற்று அடங்கியதும் நீருக்கடி மைக் ஒன்றை வயரில் கட்டி இறக்கினார்கள். முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். அது இறால் வகையாம். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட முனகல், பிறகு கதவு கீச்சிடுவது போல ஒன்று, மறுபடி முனகல். ஆண் திமிங்கிலம் பாடுகிறது. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தது. மஸ்கட் குடும்பத்துச் சின்னப் பிள்ளை ஹெட்போனைக் கழற்றித் தரவே இல்லை. சுப்ஹானல்லாஹ். அதைப் பார்க்கவில்லை, அதனால் மூன்றில் அது சேர்த்தியில்லை.

நாலாம் நாள் விடிய, சுபஹ் தொழுது முடித்த கையோடு, இரண்டு ஒன்றாக. இந்தத் தரம் அவைகளே எங்கள் பக்கம் வந்தன. எஞ்சின் நிறுத்தியிருந்தது. மூச்சுச் சத்தம் காதால் கேட்டது. பஸ் டயரில் காற்று இறங்குவது போல. பின்னால் வந்ததின் வால் அடியில், வாலும் உடம்பும் சேருகிற இடத்தில், வெள்ளை வளையம் மாதிரி ஒரு தழும்பு. சுற்றிவரக் கயிறு அறுத்த அடையாளம். நகூதா ஒரே சொல் சொன்னார், காக்கா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கையை வலை இழுப்பது போலக் காட்டினார்.

இதுதான் நாங்கள் எழுத வந்த விஷயம்.

அறுக்குளாவுக்கும் சூறைக்கும் இரவில் கடலில் விட்டு வைக்கும் நைலோன் வலை. ஓமான்காரனும் அதைத்தான் போடுகிறான், எங்கள் ஊரானும் அதைத்தான் போடுகிறான். ஓமானில் படம் எடுத்துப் பார்த்த திமிங்கிலங்களில் மூன்றில் ஒன்று அளவுக்கு இப்படி வலைத் தழும்பு இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தழும்பு இருப்பது தப்பியது. தப்பாததற்குத் தழும்பு இல்லை.

"அது அவங்கட கடல், எங்களுக்கென்ன" என்று சொல்லவும் முடியாது. 2017 இறுதியில் ஓமானில் ஒரு பெண் திமிங்கிலத்துக்கு செய்மதிக் கருவி பொருத்தினார்கள். வாலில் குந்திரிக்க மரம் மாதிரி ஒரு அடையாளம் இருந்ததால் அதற்கு லுபான் என்று பெயர். அரபியில் லுபான் என்றால் நாங்கள் சாம்பிராணி போலப் புகைக்கும் அந்தக் குந்திரிக்கம்தான். லுபான் அரபிக் கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து, தெற்கே இறங்கி, மன்னார் வளைகுடா வரை வந்து, திரும்ப ஓமானுக்கே போனது. மன்னார் வளைகுடா! கற்பிட்டிக்கும் சிலாவத்துறைக்கும் முன்னால் கிடக்கிற கடல். அங்கே எத்தனை வலையைத் தாண்டியிருக்கும் என்று நாங்கள் இருவரும் அன்றிரவு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

புகாரியில் வருகிற அம்பர் மீன் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அபூ உபைதா (ரழி) தலைமையில் 300 பேர், சாப்பாடு முடிந்து இலை தழை தின்று கிடந்தபோது கடல் ஒரு பெரிய மீனை ஒதுக்கியது. விலா எலும்பை நட்டால் அதன் கீழே ஒட்டகம் போகுமளவுக்குப் பெரியது. அதுவும் பாலைவனக் கரைதான், செங்கடல் பக்கம். அந்த மீனைக் கடல் தானாகக் கொடுத்தது என்று நகூதா சொன்னார். பசித்திருந்தவர்களுக்கு வந்த ரிஸ்க். பிடித்துக் கொன்று கணக்கை மறைத்தவர்களை அவர் அதோடு சேர்க்கத் தயாராக இல்லை. வலைக்காரரை எதில் சேர்ப்பது என்று கேட்டோம். பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றினார். அவருடைய தம்பிமாரும் வலைக்காரர்கள்.

ஊர் வந்து இதைப் படங்களோடு தரம் 9க்குச் சொன்னோம். பிள்ளைகள் கச்சான் காற்றுக் கதையை ரசித்தார்கள், பாட்டுச் சத்தத்தை போனில் போட்டுக் காட்டியதும் வகுப்பே அமைதி. தழும்புப் படத்தைக் காட்டியபோது பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். வாப்பா பலநாள் போட்டில் போகிறவர். "சேர், போன வருசம் எங்கட வலையிலயும் ஒண்டு பட்டிச்சு. வாப்பா ஆக்கள் வலைய வெட்டித்தான் விட்டாங்க. அந்த வலைக் கடன இன்னமும் கட்டுறம். அந்தக் காச யாரு தாற?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. இலங்கையில் திமிங்கிலத்தைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று புத்தகத்தில் இருக்கிறது, அதைப் படிப்பித்தும் இருக்கிறோம். வலையை வெட்டிவிட்டவனுக்கு யார் வலை கொடுப்பது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. "தெரியா மகன், கேட்டுப் பார்ப்பம்" என்றோம். கடற்றொழில் பரிசோதகர் ஒருவரிடம் கேட்டோம், சங்கத்திலும் கேட்டோம். இருவரும் நல்லபடியாகத்தான் கதைத்தார்கள், ஆனால் அப்படி ஒரு கொடுப்பனவு தங்களுக்குத் தெரிய இல்லை என்றார்கள். இதை வாசிக்கிறவர்களில் அந்தத் துறையில் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பரவாயில்லை, அவனுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

அவனுடைய வாப்பாவை வீட்டில் போய்ச் சந்தித்தோம். இருட்டில் வாலுக்கு எட்டாத பக்கமாக நின்று வலையை எப்படி வெட்டினார்கள் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். வால் ஒரு அடி அடித்தால் போட் தாங்காதாம். ஏன் வெட்டினீர்கள், விட்டிருந்தால் வலையாவது மிஞ்சியிருக்குமே என்று கேட்டதற்கு, "அது மூச்செடுத்த சத்தம் மனுசன்ட மாதிரி இருந்திச்சு" என்றார்.

வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வெட்கப்பட்டார், பிறகு சரி என்றார். போயாவை ஒட்டி வருவார், இன்ஷா அல்லாஹ். நிலவு நாட்களில் வலையில் மீன் படுவது குறைவு, அப்போதுதான் ஆள் கரையில் நிற்பார்.