ஆயா ‘லாபம்’ என்று எண்ணினாள்

முகையூர் வீட்டுத் திண்ணையில் ஆயாவோடு உட்கார்ந்திருந்தேன். “நம்ம பண்பாடு என்ன?” என்று கேட்டால் யாருக்குத்தான் பதில் வரும்? “சின்ன வயசுல மல்லாட்டை அளந்ததைச் சொல்லு ஆயா” என்றேன். கதை கொட்டியது. முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்களாம், ‘லாபம்’. அடுத்துதான் ரெண்டு. பள்ளிக்கூடம் மிதிக்காத ஆயா கணக்குக் கற்றது களத்துமேட்டில், கூலி அளக்கும்போது ஏமாறாமல் இருக்க. அதைச் சொன்னபின் நெடுநேரம் பேசவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.

குடும்பங்களின் அடையாளத்தையும் அறிவையும் அவர்கள் சொல்லும் கதை வழியே ஆராய, நம் பக்கத்திலேயே பெரிய முன்மாதிரி உண்டு. புதுச்சேரி அருகே ஒரு சிற்றூரில் வீரம்மா சொன்ன வாழ்க்கைக் கதை. விவசாயக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி. ஆய்வாளர்கள் ஜோசியான் ராசினும் ழான்-லுக் ராசினும் அதைப் பத்து ஆண்டுகள் கேட்டுப் பதிந்தார்கள். 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. பத்து ஆண்டுகள்! அரை மணி நேரத்தில் ‘படிப்பு: இல்லை’ என்று படிவக் கட்டத்தில் குறித்துக்கொண்டு போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

ஆயா சொன்னதை எழுதி, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். “லாபம்னு எண்ணச் சொல்லிக் குடுத்தது என் மாமியாருடா. அவ பேரையும் போடு” என்றாள். போட்டுவிட்டேன்.