முகவரியே குற்றமா?

ஆளைப் பார்த்து, அவன் செய்த செயலைப் பார்த்து, சான்று பார்த்துக் குற்றம் காண்பது நீதி. அவன் வாழும் தெருவைக் கேட்டவுடனேயே குற்றம் காண்பதற்கு என்ன பெயர்? ஒரு காலத்திலே அதற்குச் சட்டம் என்றே பெயர் இருந்தது. 1871-இல் வெள்ளையர் இயற்றினர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் வருங்காலத் திருடன் என்று கணக்கெழுதிய அச்சட்டம், 1947-இல் இம்மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் ஒழிந்தது. சட்டம் செத்தது, அதன் ஆவி மட்டும் அலைகிறது. ஆவியிலே நம்பிக்கையற்றவர்கள்தாம் நாம். எனினும் இந்த ஆவியைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

கனகம்மாசத்திரத்தில் வாழ்கிறோம் நாம். சென்னையிலிருந்து திருப்பதிக்கு விரையும் வண்டிகளும், திருத்தணி மலை ஏறப் போகும் காவடிகளும் கடந்து செல்லும் ஊர். ஆந்திர எல்லை அருகே என்பதால், கஞ்சா தேடிப் பேருந்திலே ஏறும் காவலரும் எமக்குப் புதியவரல்லர். எல்லாப் பைகளையுமா பிரிக்கிறார்கள்? சலவைச் சட்டை தப்பும். கசங்கிய சட்டை இறங்கும்.

நாம் முன்பு பணிபுரிந்த பள்ளியொன்றிலே ஒரு மாணவனுடைய இருநூறு ரூபாய் காணாமற் போயிற்று. வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். முதலில் கவிழ்க்கப்பட்ட பை, புறம்போக்கு நிலத்துக் குடிசையிலிருந்து வரும் சிறுவனுடையது. இரண்டு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் துண்டு, காலையில் வழங்கிய உப்புமாவிலே தங்கைக்கென்று பொதிந்து வைத்த ஒரு பிடி - இவ்வளவே விழுந்தன. ஏன் அவன் பை முதலில் என்று கேட்டோம். "அந்தப் பக்கத்துப் பிள்ளை சார், உங்களுக்குத் தெரியாது" என்றார் மூத்தவர் ஒருவர். பணம், பறிகொடுத்ததாகச் சொன்னவனின் கணக்குப் பெட்டிக்குள்ளேயே மறுநாள் கிடைத்தது. சிறுவனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. வகுப்பாருக்கு முன்னால் நாம் தெரிவித்தோம். அவனோ, பழக்கப்பட்டவன் போலத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் தோழர்களே, நெஞ்சைச் சுட்டது!

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து, 2000-இலிருந்து கண்ணகி நகரிலே குவிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், வேலைக்கு மனுப் போடும்போது வேறு முகவரி எழுதுகிறார்கள். நீதி கேட்டவள் பெயரைத் தாங்கிய நகருக்கு வந்த கதி இது!

போதை அங்கே இல்லையா என்பீர். உண்டு. கள்ளச்சாராயம் 2024 சூனிலே கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அது கள்ளத்தனமாகக் காட்டிலே விற்ற சரக்கா? மாவட்டத் தலைநகரிலேயே, கருணாபுரத்திலே விற்றது. ஏழையின் பையைத் துழாவும் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை?

குடியிருப்போரே தம்மை ஆண்டால் என்ன ஆகும்? டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனிலே, கைவிடப்பட்ட படை முகாமொன்றில் 1971-இல் வீடற்றோரும் இளைஞரும் புகுந்து, கிறிஸ்டியானியா என்று பெயரிட்டுத் தன்னாட்சி நடத்தினர். கஞ்சாவைப் பொறுத்துக் கொண்டனர். ஹெராயின் வந்தது, பிணங்கள் விழுந்தன. 1979-இல் குடியிருப்போரே 40 நாள் இரவு பகலாகக் காவலிருந்து, விற்றவனை விரட்டினர். அடிமைப்பட்டவனை மருத்துவத்துக்கு அனுப்பினர். வீரச் செயல்தான். ஆனால் பொறுத்துக்கொண்ட கஞ்சாவோ வளர்ந்து, கடைவீதியாகி, வெளியூர்க் கும்பல்களின் கைக்குப் போயிற்று. 2023 ஆகஸ்டிலே துப்பாக்கி ஓர் உயிரைப் பறித்தது. 2024 ஏப்ரல் 6-ஆம் நாள், குடியிருப்போர் கடப்பாரை ஏந்தி, அந்த வீதியின் கல்லையே பெயர்த்தெடுத்தனர். தன்னாட்சி என்பது தன் வீட்டு நச்சையும் தானே பிடுங்குவது என்று அறிய அவர்களுக்கு ஐம்பதாண்டு ஆயிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் மும்பையிலே இருக்கிறது. கோலார் தங்கவயலிலே பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதம், பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்று ஜனதா காலனிக் குடிசையிலே வாழ்ந்தார். குப்பை அள்ள வராத மாநகராட்சியின் வாயிலிலேயே குடிசைப் பிள்ளைகளைக் கொண்டு குப்பையைக் கொட்டியவர் அவர்! 1976-இல் அந்தக் காலனியை இடித்துச் சீத்தா கேம்ப்புக்கு மக்களைத் துரத்தினர். அவர் ஓயவில்லை. தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை நடத்தி, 2000-இல் மக்சேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தார்.

அந்தக் கூட்டமைப்பும் காவல்துறை ஆணையர் ஏ.என்.ராயும் கைகோத்து, 2003-இல் புணேயிலும் அடுத்து மும்பையிலும் குடிசைப் பகுதிக் காவல் பஞ்சாயத்துகளை அமைத்தனர். பத்துப் பேர் உறுப்பினர். அவருள் எழுவர் பெண்கள்! உடன் ஒரு காவல் அதிகாரி. உட்கார ஒரு சிறு அறை. குடித்து வந்து அடிக்கும் கணவன், குழாயடிச் சண்டை, சந்துக்குள் சாராயம் விற்பவன் - இவை அங்கே பேசப்பட்டன. கொலை, கொடுங்குற்றம் என்றால் காவல் நிலையத்துக்குத்தான்.

பஞ்சாயத்து என்ற சொல்லே நமக்குக் கசக்கும். ஆலமரம், சொம்பு, மீசை, சாதிக்கொரு நீதி - எல்லாம் நினைவுக்கு வரும். காதலித்தவரைப் பிரித்ததும், ஏழையை ஊரைவிட்டு விலக்கியதும் பஞ்சாயத்துத்தானே என்று நண்பரொருவர் எம்மிடம் சீறினார். சீறட்டும், நியாயமே. ஆனால் மரத்தடியிலே பெண் நின்றாள், ஆண் உட்கார்ந்தான். இங்கே எழுவர் பெண்கள் உட்கார்ந்தார்கள். குடியினால் தாலியை அடகு வைத்தவளுக்கு, சாராயம் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவலரும் அங்கே தடியோடு நுழைபவராக அன்றி, பெயர் சொல்லி அழைக்கப்படுபவராக வந்து அமர்ந்தார். "அந்தப் பக்கத்துப் பிள்ளை" என்று சொல்லும் வாய்க்கு, அந்தப் பக்கத்துத் தாய் எதிரே அமர்ந்திருந்தால் கொஞ்சமாவது கூசும் அன்றோ?

நம் ஊர்ப் புறம்போக்குக் குடிசைகளிலே இத்தகைய அறை ஒன்று இல்லை. பட்டா கேட்டு மனுக்கொடுக்கச் செல்லும் பெண்களோ பலர் உண்டு. அவர்களுக்கு மனு எழுதித் தர ஞாயிறுதோறும் செல்கிறோம். அடுத்த மனுவிலே, பட்டாவுக்குக் கீழே, பத்துப் பேர் அமர ஓர் அறையும் கேட்போம் என்றோம். "ஏழு பொம்பளைங்கன்னு மறக்காம எழுதுங்க சார்" என்றார் ஒரு மூதாட்டி. எழுதியிருக்கிறோம்.