கச்சான் காற்றில் மலரும் சாடிகள்

திருக்கோணமலை என்றவுடன், கோணேசர் கோயில் கொண்டருளும் சுவாமிமலையும், பெருங்கப்பல்கள் அச்சமின்றி நங்கூரமிடும் ஆழ்ந்த துறைமுகமும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுமே எவர்க்கும் நினைவில் எழும். இந்நகரைக் காண வருவோரும் பெரும்பாலும் இவற்றையே கண்டு மீள்வர். ஆயினும், ஆனி, ஆடி மாதங்களில் துறைமுகத்தை அடுத்த வீதிகளில் ஆறுதலாக நடந்து செல்வோர்க்கு வேறொரு காட்சியும் கிட்டும். வெளிகளிலே புல் கருகிக் கிடக்கும் அந்நாளில், வீட்டு விறாந்தைகளிலும், மதில்களின் மேலும், வாயிற்படிகளின் இருமருங்கும் வைத்த சாடிகளில் மலர்கள் நிறைந்திருக்கக் காணலாம். நீர் அருகிய காலத்தில் இத்துணை மலர்ச்சி எங்ஙனம் வந்தது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுந்தோம்.

இந்நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையிலான வாடைக்காலத்திலேயே பொழிந்துவிடும். வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் சொரிந்துவிட்டு, வறண்ட வெங்காற்றாகக் கிழக்குக் கரையை வந்தடைகின்றது. இதனையே நம்மவர் கச்சான் என்பர். காலையில் நனைத்த சாடி மாலைக்குள் உலர்ந்துவிடும். கடலை அடுத்த கிணறுகளிலோ நீர்மட்டம் தாழத் தாழ உவர் மிகும்.

ஆனால், தாகமே சில செடிகளைப் பூக்கத் தூண்டுகின்றது என்பது வியப்புக்குரிய உண்மை. இவற்றுள் முதலிடம் கடதாசிப்பூவுக்கு உரியது. நீரும் உரமும் மிகுந்தால் இக்கொடி இலையாகவே தழைத்துவிடும்; வேர் நெருங்கி, மண் சற்றே காய்ந்த பின்னரே கொத்துக் கொத்தாக நிறங்காட்டும். நாம் பூவென்று போற்றும் செந்நிறப் பகுதி உண்மையில் நிறம் மாறிய இலையே. அதன் நடுவில் நிற்கும் சிறு வெண்குழலே பூவாகும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் நாட்டுக் கடற்படை, தளபதி சப்ரனின் தலைமையில் 1782 ஆம் ஆண்டு இத்துறைமுகத்தைக் கைப்பற்றிச் சிறிது காலமே வைத்திருந்தது. படை சென்றுவிட்டது, மாலுமியின் பெயர் பெற்ற கொடியோ இன்று இவ்வூர் மதில்களில் நிலைத்து நிற்கின்றது.

பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வைக்கும் அடீனியமும், வெயிலேற இதழ் விரிக்கும் பத்துமணிப்பூவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மடகஸ்கார்த் தீவிலிருந்து வந்த பட்டிப்பூவோ சாடியின் அடியிலுள்ள வெடிப்பிலும் முளைத்துப் பூக்கும். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் பொருள் இவ்வெளிய செடியில் உண்டென்பதை ஆய்வாளர் 1950களின் பிற்பகுதியிலும் அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் கண்டறிந்தனர். வீட்டினுள் வைக்கும் மருளும், சாடி கொள்ளாமல் வேர் நெருங்கிய பின் ஒரு நாள் வெளிறிய பூந்தண்டொன்றை நீட்டி, இரவெல்லாம் மணம் பரப்பும்.

எனினும் எல்லாச் செடிகளும் தாகத்தைத் தாங்கமாட்டா. பூசைக்கு வேண்டிய செவ்வரத்தையும் மல்லிகையும் வேர் காய்ந்தால் மொட்டுகளை உதிர்த்துவிடும். உவர்நீர் ஊற்றினாலோ இலையோரம் தீய்ந்து, சாடியின் விளிம்பில் வெண்மையாய் உப்புப் படியும். கந்தளாய்க் குளத்து நீர் குழாய்வழியே நகருக்கு வருகின்றதாயினும், குடிக்கும் நீரைச் செடிக்கு வார்க்க இல்லத்தரசியர்க்கு மனம் வருவதில்லை. ஆகவே அரிசி களைந்த நீரும், மரக்கறி கழுவிய நீரும் அன்றாடம் சேர்த்துவைக்கப்பட்டுச் சூரியன் சாய்ந்த பின் வேரடிக்குச் செல்கின்றன. காய்ந்த தென்னஞ்சருகும் பொச்சும் மண்மேல் மூடாக்காக இடப்படுகின்றன. கோயிலுக்குக் கொண்டுசெல்லும் ஒரு தட்டுப் பூவின் பின்னால் இத்தனை சிக்கனம் மறைந்து நிற்கின்றது.

இங்கே மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் தகாது. 2017 ஆம் ஆண்டு இலங்கையில் டெங்குக் காய்ச்சலுக்கு 186,000 இற்கு மேற்பட்டோர் உள்ளாயினர். 400 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் முற்பகுதியில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட இடங்களுள் ஒன்று, இம்மாவட்டத்தின் கிண்ணியா ஆகும். இந்நோயைப் பரப்பும் நுளம்பு தேங்கிய தெளிநீரிலே பெருகுவது. பூச்சாடியின் கீழ் வைக்கும் தட்டு அதற்கு வாய்ப்பான தொட்டிலாகும். முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே மாதக்கணக்கில் உயிர்தாங்கும். நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தட்டையே அகற்றி, சாடியைக் கல்லின் மேல் ஏற்றி வைப்பது அதனினும் நன்று. நீரைச் சேர்த்துவைக்கும் வாளிகளுக்கும் இறுக்கமான மூடி இன்றியமையாதது.

இவ்வாறு நோக்கின், கச்சான் காலத்துச் சாடித்தோட்டத்தின் இரகசியம் அளவறிந்து நீர் வார்ப்பதே என்பது புலனாகும். மேல்மண் விரலுக்கு உலர்ந்து தோன்றினாலன்றிக் கடதாசிப்பூவுக்கு நீர் வேண்டாம். செவ்வரத்தைக்கு மாலைதோறும் சிறிது வேண்டும். தட்டிலோ ஒரு துளியும் தேங்கலாகாது. இவ்வளவைப் பேணும் வீட்டில் பூவும் குறையாது, குடிநீரும் வீணாகாது, குழந்தைகளும் நோயின்றி இருப்பர். அடுத்த ஆனியில் திருக்கோணமலைக்குச் செல்லும் அன்பர்கள், கோணேசரை வணங்கித் திரும்பும் வழியில், துறைமுக வீதிகளின் மதில்மேல் மலர்ந்திருக்கும் இச்சாடிகளையும் ஒருகணம் நின்று நோக்குவாராக.