பரங்கிமலைக் கல்லுக்குள் ஒரு பிறப்புச் சான்றிதழ்

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது பரங்கிமலை. போர்த்துகீசியர் 1523-ல் எழுப்பிய தேவாலயத்தைப் பார்க்கப் படியேறி வருபவர்கள் ஏராளம். காலடியில் கிடக்கும் நீலம் கலந்த கருங்கல்லைக் குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. உலகெங்கும் புவியியல் மாணவர்கள் பெயர் சொல்லிப் படிக்கும் கல் அது: சார்னோக்கைட்.

பெயர் வந்தது கொல்கத்தாவிலிருந்து. அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். அதே வகைக் கல்தான் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் குன்றாக நிற்கிறது. இங்குள்ள பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது.

இந்தக் கல் பிறந்தது எப்படி? பாறைக்குழம்பு குளிர்ந்து உருவானது என்றார் ஹாலண்ட். பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பழைய பாறையை மாற்றியதால் வந்தது என்றனர் வேறு சிலர். உருமாற்றத்தில் பெரும்பாலான கனிமங்கள் புதிதாகிவிடுவதால், கல்லைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சாட்சி சொல்ல ஒருவர் உண்டு. மணலைவிடப் பொடியான சிர்கான் படிகம். அவ்வளவு வெப்பத்திலும் அது எளிதில் அழியாது. மரத்தின் வளையம்போல, குழம்பில் வளர்ந்த உள்பகுதியையும் பின்னாளில் உருமாற்றத்தின்போது படிந்த மேலுறையையும் தனித்தனியே காட்டும். பொதுவாகக் குழம்பில் வளர்ந்த பகுதியில், யுரேனியத்துடன் ஒப்பிட்டால் தோரியம் கூடுதலாக இருக்கும். மேலுறையில் பெரும்பாலும் குறையும். ஹாஃப்னியமும் ஆக்சிஜனும், அந்தக் குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து நேரே வந்ததா, பழைய நிலப்பாறை உருகி வந்ததா என்று துப்புக் கொடுக்கும்.

வயதுக்கும் வழி உண்டு. சிர்கான் வளரும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கில், சென்னைக் குன்றுகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

பல்லாவரம் பக்கத்துக் குன்றுகள் பல, கல் குவாரிகளில் ஜல்லியாகி நகரத்தின் சுவர்களுக்குள் போய்விட்டன. மிஞ்சியிருக்கும் பாறையில்தான் இந்தச் சாட்சியை இன்னும் அதன் சொந்த இடத்திலேயே விசாரிக்க முடியும். அடுத்த முறை பரங்கிமலை ஏறுபவர்கள், தரிசனம் முடிந்து இறங்கும்போது அந்தக் கல்லையும் ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்கலாம்.