தோலில் முளைத்த பற்கள்

திங்கள்

விலங்கியல் மாணவியின் மேசையில் இன்று கட்லா. மீன் கடையில் சுரண்டித் தள்ளிய செதில்கள் இந்த வேலைக்கு உதவாது. உடம்பில் எந்த இடத்துச் செதில் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் முழு மீனாகவே வாங்கி வந்திருக்கிறாள். தோள் துடுப்புக்குப் பின்னாலிருந்து இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கி, வழவழப்புப் போகக் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைக்கிறாள்.

நுண்ணோக்கியில் நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையங்கள். வளரும் மீனுக்குச் செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கிற செதிலே விளிம்பில் பெரிதாகிறது. நல்ல தீனி கிடைத்த காலத்து வளையங்கள் விலகி நிற்கும், வளர்ச்சி குன்றிய காலத்தவை நெருங்கிக் கிடக்கும். 1898-இல் ஹாஃப்பவர் என்ற ஜெர்மானியர் கெண்டைச் செதிலின் இந்த நெருக்கங்களைக் கொண்டு மீனின் வயதைக் கணித்துக் காட்டினார். குளிர்நாட்டு மீன்களில் ஆண்டுக்கோடு பளிச்சென்று தெரியும். நம்மூர் நீரில் அவ்வளவு தெளிவு இராது. முட்டையிடும் பருவமும் தீனிப் பஞ்சமும்கூடக் கோடு போட்டுவிடும்.

அடுத்து எடுத்த செதிலில் நடுப்பகுதி மங்கிக் கிடக்கிறது. பழைய செதில் எப்போதோ உதிர்ந்து, அந்த இடத்தில் புதிதாக முளைத்தது இது. உதிர்வதற்கு முந்தைய காலத்தின் வளையங்கள் இதில் இல்லை. வயது பார்க்க ஆகாது என்று ஒதுக்கி வைக்கிறாள்.

செவ்வாய்

பால் சுறாவின் தோல். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுக்குகிறது. எதிர்ப்பக்கம் தடவினால் விரலை அராவுகிறது. ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் காரணம் தெரிகிறது: வால் நோக்கிச் சாய்ந்த, மேலே வரம்புகள் ஓடும் குட்டிக் குட்டிப் பற்கள், வரிசை வரிசையாக.

பல் என்பது இங்கே வெறும் உவமை இல்லை. குறுக்கே வெட்டினால் உள்ளே கூழ் அறை, அதைச் சுற்றி டென்டின், அதன் மேல் எனாமல் போன்ற கடினமான உறை. சுறாவின் வாய்ப் பல்லிலும் இதே அடுக்குதான். இரண்டும் ஒரே வகை உறுப்பு என்பதை ஆஸ்கர் ஹெர்ட்விக் 1874-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

புதன்

எலும்பு நாள், பொறுமை கேட்கிற நாளும் இதுதான். கெளுத்தி, கொடுவா இரண்டின் எலும்பிலும் சீவல் எடுத்து, உப்புத்தாளில் ஒளி ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் நொறுங்கிவிடும்.

கெளுத்தி எலும்பில் கருப்புப் புள்ளிகள், அவற்றிலிருந்து கிளை விடும் மயிரிழைக் கால்வாய்கள். எலும்புச் செல்கள் குடியிருந்த குழிகள் அவை. கொடுவாவில் ஒரு புள்ளிகூட இல்லை. தெளிந்த கண்ணாடியாக இருக்கிறது. உயர்நிலை எலும்பு மீன்கள் பலவற்றின் எலும்புக்குள் செல்லே கிடையாது என்று கோலிக்கர் 1859-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். உள்ளே செல் இல்லாமலும் அந்த எலும்பு வளர்கிறது, முறிந்தால் கூடுகிறது. மேற்பரப்பில் இருக்கும் செல்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

வியாழன்

கிளிமீனின் அலகு. பவளப்பாறையைக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றும் மீன் இது. ஏறத்தாழ 1000 பற்கள் 15 வரிசைகளாக ஒட்டிச் சேர்ந்து அலகாகியிருக்கின்றன. முன்வரிசை தேயத் தேயப் பின்வரிசை இடம் பிடிக்கிறது. இந்தப் பல்லை அமெரிக்காவின் பெர்க்லியில் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபுளோரபட்டைட் படிகங்கள் கட்டுக் கட்டாகத் துணி நெசவுபோல் பின்னிக்கொண்டிருக்கின்றன. கடிக்கும் நுனியை நெருங்க நெருங்க, 5 மைக்ரான் பருமனுள்ள கட்டுகள் 2 மைக்ரானாக மெலிகின்றன. பல் உடையாமல் தாங்குவது இந்தப் பின்னலால்தான்.

வெள்ளி

வரிக்குதிரை மீனின் வால் துடுப்பு. ஒவ்வொரு கதிரும் எதிரெதிரே குவிந்த இரண்டு அரை வளைவுகள். நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. கதிர் நெடுகக் குட்டிக் குட்டிக் கணுக்கள். வளரும்போது நுனியில்தான் புதுக் கணு சேரும். வெட்டிவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வால் திரும்ப முளைத்துவிடும்.

சுறாத் துடுப்பில் இந்த எலும்புக் கதிர் கிடையாது. உள்ளே இருப்பவை நீண்ட கொலாஜன் இழைகள். சூப்புக்காகச் சுறாக்களைக் கொன்று குவிப்பது இந்த இழைகளுக்காகத்தான்.

சனி

இன்று தகடுகள் இல்லை, வாசிப்பு மட்டும். முதலில் 2015-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. சீனாவில் கிடைத்த சாரோலெபிஸ் என்ற தொல்மீனுக்குச் செதிலிலும் தலையின் தோல் முட்களிலும் எனாமல் இருந்திருக்கிறது, வாய்ப் பல்லில் இல்லை. ஆகவே எனாமல் முதலில் தோலில் தோன்றி, பிறகே பல்லுக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அடுத்தது 2025-இல் அதே இதழில் வந்தது. சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எரிப்டிக்கியஸ் என்ற தாடையற்ற மீனின் தோல் கவசத்தில் டென்டின் குழல்கள் இருக்கின்றன. தற்காலச் சுறாக்களின் தோல் பற்களுக்குள் நரம்பு ஓடுவதையும் அதே குழு காட்டியிருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீரை உணர்வதற்கு அந்தக் கவசம் உதவியிருக்கும் என்பது அவர்கள் முடிவு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் நமக்குப் பல் கூசுவதும் டென்டினின் இதே நுண்குழல்கள் வழியாகத்தான்.

செவ்வாயன்று வெட்டிய சுறாத்தோல் தகட்டைத் திங்களன்று மறுபடி எடுக்கப்போகிறாள். நரம்பைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம்.