சுழியமும் இன்மையும்

தேர்வெழுதிச் சுழியம் பெற்ற மாணவன் வேறு; தேர்வுக்கே வராதவன் வேறு. மதிப்பெண் பட்டியலை இணையப் பக்கமாக்கும் வார்ப்புரு மொழிகளைப் பயிலப் புகுந்தபோது நம்மை உறுத்தியது இவ்வேறுபாடே. 'மதிப்பெண் இருந்தால் காட்டு, இன்றேல் வரவில்லை எனக் குறி' என்று எழுதினால், ஜாங்கோ சுழியத்தையும் இல்லாத மதிப்பையும் ஒருசேரப் பொய்யெனக் கொள்ளும், இருவருமே வராதவராகிவிடுவர். லிக்விடோ சுழியத்தை மெய்யென ஏற்கும். இன்மையும் பொய்யும் மட்டுமே அங்குத் தள்ளுபடி. ஜின்ஜா இதில் ஜாங்கோவின் வழியே. ஆயினும் அந்தப் பெயர் வரையறுக்கப்பட்டதா என்று அதனிடம் தனியே வினவலாம்.

வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்திருக்கிறதேயன்றி இல்லாமற் போகவில்லை என்று வகுப்பில் நாம் வலியுறுத்துவதுண்டு. அந்த நுண்மை இங்கும் வேண்டும். மூன்று மணிநேரம் அமர்ந்து எழுதியவனை வராதவன் என்று ஒரு நிபந்தனை வரி சொல்லிவிடலாகாது. சுழியமும் அவன் ஈட்டியதே.